முழு த்ரோட்டிலில் பெட்ரோல் கணக்கு

இஞ்சின் டியூனிங்கில் இறங்குகிற யாரும் முதலில் கேட்பது இதைத்தான்: “ஃபுல் த்ரோட்டில்ல ஏ.எஃப்.ஆர். எவ்வளவு வெக்கணும்?” ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் எத்தனை பங்கு காற்று என்பதுதான் ஏ.எஃப்.ஆர். கேட்பவருக்கு ஓர் எண் வேண்டும். டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சின் என்றால் நானும் 12.8 என்று சொல்லிவிடுவேன். தப்பான பதில் இல்லை. ஆனால் அந்த எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர் வேலையின் சிறிய பகுதியைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார். 12.8க்கும் 12.4க்கும் நடுவே பெரிய குதிரைத்திறன் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அந்தக் கலவை எல்லா சிலிண்டருக்கும், எல்லா ஆர்.பி.எம்.மிலும், இஞ்சின் சூடேறிக் கிடக்கும்போதும் மாறாமல் போய்ச் சேருகிறதா என்பதில்தான் இஞ்சினின் ஆயுள் இருக்கிறது. இதைப் பொறுமையாக எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் 14.7. ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பாடப்புத்தகம் சொல்லும் சரியான கலவை இதுதான். லாம்டா என்ற அளவில் இதை 1 என்பார்கள்; பெட்ரோல் கூடினால் லாம்டா 1க்குக் கீழே இறங்கும், குறைந்தால் மேலே ஏறும். நிதானமாக ஓட்டும்போது இன்றைய கார்கள் எல்லாம் இந்த எண்ணைச் சுற்றியே நிற்கும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய அது தேவை. அப்படியானால் ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கும்போது மட்டும் ஏன் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும்?

முழு த்ரோட்டிலில் இஞ்சினுக்குப் பஞ்சம் பெட்ரோலில் இல்லை, ஆக்சிஜனில். த்ரோட்டில் தகடு முழுதாகத் திறந்தபின் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று நுழையும் என்பதை வால்வும் மேனிஃபோல்டும் ஆர்.பி.எம்.மும் முடிவு செய்துவிடுகின்றன. அதற்கு மேல் ஒரு சுவாசம்கூடக் கிடைக்காது. பெட்ரோலோ வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆகவே கிடைத்த ஆக்சிஜனில் ஒரு மூலக்கூறும் வீணாகாமல் பார்த்துக்கொள்வதே வேலை. சிலிண்டருக்குள் கலப்பதற்கு இருக்கும் நேரம் சில மில்லி விநாடிகள். அதற்குள் காற்றும் பெட்ரோலும் சீராகக் கலந்துவிடுவதில்லை. ஒரு மூலையில் பெட்ரோல் அதிகம், இன்னொரு மூலையில் குறைவு. கணக்குப்படி சரியாக 14.7க்கு ஊற்றினால், எங்கோ கொஞ்சம் ஆக்சிஜன் துணை கிடைக்காமல் அப்படியே வெளியேறிவிடும். கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் அந்த ஆக்சிஜனும் பிடிபடும். எரிபொருளில் கொஞ்சம் பாதி எரிந்து கார்பன் மோனாக்சைடாகப் போகும். திறனை மட்டும் பார்க்கிற இடத்தில் அந்த இழப்பு பொருட்டில்லை.

இதோடு இன்னும் சில சேர்கின்றன. தீச்சுடர் பரவும் வேகம் லாம்டா 0.85 முதல் 0.9 வரையிலான இடத்தில்தான் உச்சத்தில் இருக்கிறது. சுடர் வேகமாகப் பரவினால் அழுத்தம் பிஸ்டனுக்குச் சரியான நேரத்தில் கிடைக்கும். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றைக் கொஞ்சம் குளிர்விக்கவும் செய்யும். எல்லாம் சேர்ந்து உச்சத் திறனை ஏறத்தாழ 12.5க்கும் 13.2க்கும் இடையே கொண்டுவந்து வைக்கின்றன. ஒரு கிலோ காற்றுக்கு 68 கிராம் பெட்ரோல் என்பது 14.7, அதையே 78 கிராம் ஆக்கினால் 12.8. பத்து கிராம்தான் வித்தியாசம்.

இந்த “இடையே” என்ற சொல்லை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் டைனோவில், அதாவது காரை நின்ற இடத்திலேயே ஓட்டி அதன் திறனை அளக்கும் கருவியில், கண்ணால் பார்த்தது. ஆர்.பி.எம்.மைப் பிடித்து நிறுத்திவைக்கும் வசதியுள்ள டைனோவில் காரை ஏற்றி, முழு த்ரோட்டிலில் 4000இல் நிறுத்தி, கலவையை மட்டும் படிப்படியாக மாற்றிப் பாருங்கள். 14.5இலிருந்து 13.5க்கு வரும்போது டார்க், அதாவது இஞ்சினின் முறுக்கு விசை, ஏறுவது தெளிவாகத் தெரியும். 13.2க்கு வந்தபின் ஏற்றம் ஓய்ந்துவிடும். அங்கிருந்து 12.3 வரை பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனாலும் எண் அசைவதில்லை என்றே சொல்லலாம். ஒரே செட்டிங்கில் அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டினால் வரும் வித்தியாசத்தைவிட அது சிறியது. 11.5ஐத் தாண்டும்போது மெதுவாக இறங்கத் தொடங்கும். மேலே தட்டையாக, ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இறங்கும் குன்று போன்ற வடிவம் அது. செங்குத்தான பக்கம் லீன் பக்கம், அதாவது பெட்ரோல் குறைந்த பக்கம்; மற்றது பெட்ரோல் கூடிய ரிச் பக்கம்.

அந்தத் தட்டையான உச்சியில் எங்கே நிற்பது என்பதைத் திறன் சொல்லாது. எல்லா இடமும் ஒரே உயரம். ஆகவே வேறு காரணங்களை வைத்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். நான் எப்போதும் லீன் விளிம்பிலிருந்து விலகி, உச்சியின் ரிச் பக்கமாக நிற்பேன். பம்ப் கொஞ்சம் தளர்ந்தாலும், ஃபில்டர் கொஞ்சம் அடைத்தாலும், பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டர் ஒன்று மந்தமானாலும் கலவை நகர்வது லீன் பக்கம்தான். பெட்ரோல் ஓட்டத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை குறைப்பவை.

லீன் என்றால் சூடு என்று பொதுவாகச் சொல்கிறோம். இதைச் சற்றுச் சரியாகச் சொல்லவேண்டும். எக்ஸாஸ்ட் வெப்பநிலை உச்சம் தொடுவது 14.7க்குப் பக்கத்தில். அதைத் தாண்டி இன்னும் லீனாகப் போனால் மறுபடி குறையவே செய்யும். சிறிய விமானங்களின் பிஸ்டன் இஞ்சினை இயக்கும் விமானிகளுக்கு இது அன்றாடப் பாடம். அவர்கள் கையில் கலவையை மாற்றும் நெம்புகோலே உண்டு. வெப்பநிலை உச்சத்திலிருந்து ரிச் பக்கம் ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்கும் இடத்தைத் திறனுக்கு உகந்ததாக வைத்துக்கொள்வார்கள். 1944இல் பசிபிக் போர்முனையில் புகழ்பெற்ற அமெரிக்க விமானி சார்ல்ஸ் லிண்ட்பெர்க், பி-38 போர்விமானங்களை ஓட்டியவர்களுக்குக் கலவையை மெலிதாக்கி, ஆர்.பி.எம்.மைக் குறைத்து, நெடுந்தூரம் பறக்கக் கற்றுக்கொடுத்தார். இஞ்சின்கள் கெட்டுப்போகும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள், கெடவில்லை. குறைந்த சுமையில் மெலிந்த கலவை ஆபத்தில்லை என்பதற்கு அது நல்ல சான்று. அதே விமானம் தரையிலிருந்து எழும்போது கலவை ரிச்சாகத்தான் இருக்கும். நம் கார் முழு த்ரோட்டிலில் இருப்பது விமானம் எழும்பும் அந்த நிலையில். அங்கே 12.8இலிருந்து 14 நோக்கிப் போவது என்பது வெப்ப உச்சியை நோக்கி நேராக ஏறுவது.

சூடு மட்டும் தனியாக வந்து பிஸ்டனைக் கொல்வது குறைவு. பெரும்பாலும் நாக்கிங்கோடு வரும். ஸ்பார்க் பற்றவைத்த சுடர் வந்து சேர்வதற்கு முன், கடைசி மூலையில் நெருக்கப்பட்டுக் கிடக்கும் கலவை தானே வெடித்துவிடுவது நாக்கிங். அந்த மூலையின் வெப்பமும் அழுத்தமும் அது தாங்கும் நேரமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. சுடர் வேகம் குறைந்த கலவையில் அந்த மூலை காத்திருக்கும் நேரம் கூடுகிறது. குளிர்ச்சி குறைந்த கலவையில் அதன் வெப்பம் கூடுகிறது. 13.8இல் இரண்டும் கெடும். ஒருமுறை நாக்கிங் ஆரம்பித்தால் சிலிண்டர் சுவரை ஒட்டியிருக்கும் காப்பு வாயுப்படலம் கலைந்து, பிஸ்டனுக்குள் பாயும் வெப்பம் கூடி, அடுத்த நாக்கிங் இன்னும் சுலபமாகிவிடும்.

இதனால் கலவையையும், ஸ்பார்க் எந்தக் கணத்தில் அடிக்கவேண்டும் என்ற இக்னிஷன் டைமிங்கையும் தனித்தனி வேலையாகப் பார்க்க முடியாது. என் முறை இதுதான்: டைமிங்கைச் சில டிகிரி பின்னால் தள்ளிப் பாதுகாப்பாக வைத்துக்கொண்டு, முதலில் பெட்ரோலை எல்லா ஆர்.பி.எம்.மிலும் சீர்செய்வேன். பிறகு டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக முன்னேற்றி, டார்க் ஏறுவது எங்கே நிற்கிறது, நாக்கிங் எங்கே தலைகாட்டுகிறது என்று பார்ப்பேன். டார்க் ஏறுவது நின்ற இடத்துக்கு ஓரிரு டிகிரி முன்பே நிறுத்திவிடுவேன். அதன்பின் மறுபடி பெட்ரோலைச் சரிபார்க்க வேண்டும். திறன் வேட்டையில் பலனைத் தருவது டைமிங். டைமிங்கை அந்த இடத்தில் நிம்மதியாக வைத்திருக்க இடம் கொடுப்பது கலவை.

டர்போ இஞ்சின்களில் எண் கீழே இறங்கும், 11.5 முதல் 12 வரை வழக்கம். அங்கே கூடுதல் பெட்ரோலின் பெரும்பகுதி எரிவதற்காக ஊற்றப்படுவதே இல்லை, குளிர்விப்பதற்காக ஊற்றப்படுகிறது. டர்பைன் சக்கரத்தையும் எக்ஸாஸ்ட் வால்வையும் காப்பாற்ற அது ஒரு வழி. ஆனால் பெட்ரோல் அவ்வளவு நல்ல குளிரூட்டி இல்லை. ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறத்தாழ 350 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், எத்தனால் 840 வரை எடுக்கும், தண்ணீர் 2260. 2016இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்4 ஜி.டி.எஸ். காரில் இன்டேக்கில் தண்ணீர் தெளிக்கும் அமைப்பை வைத்தது இந்தக் கணக்கால்தான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையே சிலிண்டர் ஹெட்டுக்குள் வைத்து, கூலண்ட்டால் குளிர்விக்கும் வடிவமைப்புகளும் இதே பிரச்சினைக்கான பதில். என் கருத்து: டர்போ காரில் வெப்பம் அதிகம் என்றால் முதலில் டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பார்க்க வேண்டும், பிறகு பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் கூடுதல் அழுத்தத்தை, பிறகு டைமிங்கை. மிக அதிகம் பின்தள்ளிய டைமிங்கே எக்ஸாஸ்ட்டைச் சுட வைக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு 10.8க்குப் பெட்ரோலை ஊற்றினால் அது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு போய்ச் சம்ப்பில் சேரும். ஆயில் நீர்த்துப்போகும், ரிங்குகள் தேயும். ரிச் என்றால் பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு.

இனி அளப்பது பற்றி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், தவறான முடிவுகள் அதிகம் பிறப்பதும் இங்கேதான்.

காரோடு வரும் பழைய வகை ஆக்சிஜன் சென்சார், அதாவது நேரோபேண்ட், 1976இல் பாஷ் நிறுவனம் உருவாக்கி வால்வோ கார்களில் முதலில் வந்தது. அதன் வேலை ஒன்றே: கலவை 14.7க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்வது. ரிச் என்றால் 0.9 வோல்ட் பக்கம், லீன் என்றால் 0.1 வோல்ட் பக்கம், நடுவே 0.45இல் சட்டென்று தாவும். 12.8க்கும் 11.8க்கும் இடையே அதனால் நம்பும்படியான வேறுபாடு காட்ட முடியாது. பல கார்களில் இஞ்சினை நிர்வகிக்கும் கணினியான ஈ.சி.யு.வும் முழு த்ரோட்டிலில் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டு, தனக்குள் இருக்கும் பெட்ரோல் அட்டவணையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி ஊற்றும். இதுதான் விஷயத்தின் மையம். நிதானமாக ஓட்டும்போது ஏதாவது பிசகினால் சென்சார் பார்த்துத் திருத்திவிடும். இஞ்சினுக்கு மிக அதிக ஆபத்துள்ள நிலையில் திருத்த ஆளில்லை. அட்டவணையில் என்ன எழுதினோமோ அது. அதனால்தான், கலவை எவ்வளவு என்று எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் முழு த்ரோட்டில் டியூனிங்கில் கை வைக்கக் கூடாது என்கிறேன்.

வைட்பேண்ட்டும் பொய் சொல்லும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட்டில் சிறு கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவை லீன் என்று காட்டும். அதைவிட மோசமானது மிஸ்ஸிங். சென்சார் அளப்பது பெட்ரோலை அல்ல, எக்ஸாஸ்ட்டில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை முதன்மையாக வைத்துத்தான் அது கணக்கிடுகிறது. கலவை அளவுக்கு மீறி ரிச்சாகி ஒரு சிலிண்டர் பற்றாமல் விட்டால், அதன் ஆக்சிஜன் முழுவதும் எரியாமல் வெளியே வரும். சென்சார் அதைப் பார்த்து “லீன்” என்று சொல்லும். திரையை மட்டும் பார்ப்பவர் இன்னும் பெட்ரோல் ஊற்றுவார். மிஸ்ஸிங் இன்னும் கூடும், திரை இன்னும் லீன் காட்டும். காதும் கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டிய இடம் இது. இழுவை வெட்டிவெட்டி வருகிறது, எக்ஸாஸ்ட்டில் கருமை, பெட்ரோல் நெடி, ஆனால் திரையில் லீன் என்றால் திரையை நம்பாதீர்கள்.

இன்னொன்று, திரையில் ஏ.எஃப்.ஆர். வேண்டாம், லாம்டாவை வையுங்கள். சென்சாருக்குத் தெரிந்தது லாம்டா மட்டுமே. கேஜ் அதை 14.7ஆல் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான விகிதம் 13.5 பக்கம்; சுத்த எத்தனாலுக்கு 9. ஆனால் கேஜ் எதிலும் 14.7 என்றே காட்டும். எரிபொருள் எதுவானாலும் லாம்டா 0.87 என்பது 0.87தான். எத்தனால் இல்லாத பெட்ரோலில் 0.87க்கு டியூன் செய்த அட்டவணையைத் தொடாமல், 20 சதவீத எத்தனால் பெட்ரோலை நிரப்பி அதே முழு த்ரோட்டிலில் ஓட்டினால் லாம்டா 0.94 பக்கம் போய்விடும். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் கூட்டுவதால் உடனே விபரீதம் நடக்காமல் போகலாம். ஆனால் வெப்பம் ஏறியிருக்கும். டியூன் செய்த கோப்பின் பெயரிலேயே எந்தப் பெட்ரோல் என்பதையும் எழுதி வைப்பது என் வழக்கம்.

பெட்ரோல் போய்ச் சேருகிறதா என்ற கேள்விக்கு வருவோம். நண்பர் ஒருவரின் நாலு சிலிண்டர் இஞ்சின். ஓட்டும்போது அளவுகளைப் பதிவுசெய்த லாக்கில் 5000 ஆர்.பி.எம். வரை லாம்டா 0.87 கோடு போட்டது போல நேராக இருந்தது. 5500க்கு மேல் மெல்ல ஏறி, ரெட்லைன், அதாவது ஆர்.பி.எம்.மின் மேல் எல்லை, நெருங்கும்போது 0.95ஐத் தொட்டது.

“மேல மட்டும் ஒரு எட்டு பர்சென்ட் கூட்டிடலாமா?” என்றார் அவர்.

“கூட்டினா சரியாத்தான் தெரியும். எதனால குறையுதுன்னு பாத்துட்டுக் கூட்டுவோம்” என்றேன்.

இந்தச் சபலம் எல்லாருக்கும் வரும். அட்டவணையில் எண்ணைக் கூட்டினால் கோடு நேராகிவிடும், வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் காற்றின் அளவு அந்த இடத்தில் திடீரென்று கூடுவதற்குக் காரணமில்லை; டார்க் உச்சியைத் தாண்டியபின் சிலிண்டர் நிரம்பும் அளவு குறைந்துகொண்டே வரவேண்டும். அந்த அளவைச் சொல்லும் அட்டவணை எண்ணும் அதோடு குறையவேண்டும். அதற்கு எதிராக எண்ணைக் கூட்டச் சொல்லி லாக் கேட்கிறது என்றால், எங்கோ பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வருகிறது. இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயான ரெயிலில் பிரஷர் சென்சாரைப் பொருத்தி மறுபடி ஓட்டினோம். 3 பாரில் நிற்கவேண்டிய அழுத்தம் மேலே போகப்போக 2.5 வரை சரிந்தது. இஞ்செக்டர் வழியே பாயும் அளவு, அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். 3 பார் 2.5 ஆனால் ஓட்டம் ஏறத்தாழ 9 சதவீதம் குறையும். 0.87 என்பது 0.95 ஆவதற்கு அதுவே போதும்; கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

பம்ப்பை மாற்றலாம் என்பது அடுத்த யோசனை. அதற்கு முன் பம்ப் முனையிலேயே வோல்ட்மீட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னேன். பேட்டரியில் 14 வோல்ட், பம்ப்பில் 12க்கும் கீழே. வயரிங்கில் ஒரு கனெக்டர் கருகிப்போய் மின்தடை கூடியிருந்தது. அதைச் சீர்செய்ததும் அழுத்தம் நின்றது, லாம்டா கோடு தானாக நேரானது, அட்டவணையில் ஓர் எண்ணையும் தொடவில்லை. அன்று எட்டு சதவீதத்தைக் கூட்டியிருந்தால், அந்தக் கனெக்டர் மேலும் கருகக் கருக, கலவை மறுபடி மெலிந்து, ஒருநாள் நீண்ட நேராகப் போகும் பாதையில் பிஸ்டன் உருகியிருக்கும். கலவை டியூனிங் என்று நாம் சொல்லும் வேலையில் பாதி, இப்படி அட்டவணைக்கு வெளியே நடப்பது.

இஞ்செக்டருக்கும் எல்லை உண்டு. 6000 ஆர்.பி.எம்.மில் நாலு ஸ்ட்ரோக் இஞ்சினின் ஒரு சுற்று முடிய 20 மில்லி விநாடி. இஞ்செக்டர் திறந்திருக்கும் நேரம் 17 மில்லி விநாடியைத் தாண்டிவிட்டால் 85 சதவீதம். அதற்கு மேல் அது திறப்பதும் மூடுவதும் ஒழுங்காக நடக்காது, நாம் எழுதும் எண்ணுக்கும் விழும் பெட்ரோலுக்கும் தொடர்பு அறுந்துபோகும். பெரிய இஞ்செக்டர் தேவையா என்று பார்க்க ஒரு சுமாரான கணக்கு போதும். முழு த்ரோட்டிலில் ஒரு கிலோவாட் திறனுக்கு மணிக்கு 300 கிராம் பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளலாம். 100 கிலோவாட் இஞ்சினுக்கு மணிக்கு 30 கிலோ. நாலு இஞ்செக்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஏழரைக் கிலோ. 80 சதவீதத்துக்குள் நிற்கவேண்டும் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 210 மில்லி தரும் இஞ்செக்டர் வேண்டும். டர்போவுக்கு இதைவிடக் கூடுதலாக வைத்துக்கொள்ளவேண்டும். டர்போவில் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்யூம் குழாய் மேனிஃபோல்டோடு சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கழன்றிருந்தால் ஒரு பார் பூஸ்ட்டில் இஞ்செக்டருக்குக் குறுக்கே மிச்சமிருப்பது 2 பார் மட்டும்.

அட்டவணையைத் திருத்துவது இதற்குப்பின் எளிது. அளந்த லாம்டாவை நாம் விரும்பும் லாம்டாவால் வகுத்து, பழைய எண்ணோடு பெருக்கினால் புதிய எண். 0.91 காட்டுகிறது, 0.87 வேண்டும், பழைய எண் 80 என்றால் 83.7. ஆனால் லாக்கில் 4000இல் தெரியும் லாம்டா, 4000இல் எரிந்ததல்ல. வாயு சென்சாரை எட்டவும் சென்சார் பதில் சொல்லவும் நேரம் பிடிக்கிறது. கீழ் கியரில் ஆர்.பி.எம். பாய்ந்து ஏறினால் இந்த இடைவெளியில் நூற்றுக்கணக்கான ஆர்.பி.எம். தாண்டிப்போயிருக்கும். மேல் கியரில், மெதுவாக ஏறவிட்டு லாக் எடுப்பது அதற்காக. ஆக்சிலேட்டரை மிதித்த முதல் அரை விநாடியின் அளவுகளைத் தூக்கி எறியுங்கள். அது ஆக்சிலரேஷன் என்ரிச்மென்ட் என்ற வேறு கணக்கு. இவற்றைப் பொதுச்சாலையில் செய்யாதீர்கள். டைனோ, இல்லையென்றால் மூடிய பந்தயப்பாதை. டைனோ அறையிலும் காற்றோட்டம் மிக முக்கியம். ரிச் கலவையின் புகையில் கார்பன் மோனாக்சைடு சில சதவீதம் இருக்கும், அதற்கு மணமில்லை.

எக்ஸாஸ்ட் குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில் வைத்த ஒரு சென்சார் சொல்வது சராசரி. மூன்று சிலிண்டர் 12.5இல், நாலாவது 13.8இல் ஓடினாலும் அது 12.8 என்று சமாதானமாகக் காட்டும். உருகப்போவது அந்த நாலாவது. அதனால் ஸ்பார்க் பிளக்கை வாசிக்கும் பழைய பழக்கத்தை விடாதீர்கள். புது பிளக் போட்டு, முழு த்ரோட்டிலில் ஓட்டி, அதே கணம் இக்னிஷனை அணைத்துக் கிளட்சை மிதித்து நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்க்கவேண்டும். ஈயமில்லாத பெட்ரோலில் பீங்கானின் நுனி நிறம் முன்பு போலத் தெளிவாகச் சொல்வதில்லை. உள்ளே, பீங்கான் இரும்போடு சேரும் அடியில் இருக்கும் கரி வளையத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தனியாக எதுவும் சொல்லாவிட்டாலும், நாலையும் ஒப்பிட்டால் எது மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது என்று தெரிந்துவிடும். பீங்கானில் மினுங்கும் சின்னஞ்சிறு அலுமினியப் புள்ளிகள் தெரிந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்தது. அத்தோடு நிறுத்திவிட வேண்டும். இஞ்செக்டர்களைக் கழற்றி ஓட்டம் அளந்து, ஒத்தவையாக மாற்றிய பிறகுதான் மறுபடி ஓட்டவேண்டும்.

கார்புரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கோட்பாடுதான், கருவிதான் வேறு. பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை மாற்றினால் கலவை எல்லா ஆர்.பி.எம்.மிலும் நகரும், அதோடு காற்று கலக்கும் துளையான ஏர் கரெக்டர் ஜெட்டை மாற்றினால் மேல் ஆர்.பி.எம்.மில் அதிகம் நகரும். வெபர் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டில் எழுதியிருக்கும் 135 என்பது 1.35 மில்லிமீட்டர். அதை 140 ஆக்கினால் துளையின் பரப்பு ஏழரை சதவீதம் கூடுகிறது. சின்ன எண்ணாகத் தோன்றும், ஆனால் கலவையை நன்றாகவே ரிச் பக்கம் நகர்த்திவிடும். முதலில் மெயின் ஜெட்டால் டார்க் உச்சியைச் சரிசெய்துவிட்டு, ரெட்லைன் பக்கம் மிச்சமிருப்பதை ஏர் கரெக்டரால் திருத்துங்கள். காற்றின் அடர்த்தி குறைந்தால் கார்புரேட்டர் தானாக ரிச்சாகும்; 10 சதவீத அடர்த்திக் குறைவுக்கு ஏறத்தாழ 5 சதவீதம். அதனால் உயரமான இடத்தில் ஜெட் போட்டு, கீழே இறங்கி வந்து முழு த்ரோட்டில் அடிப்பவர் லீன் பக்கம் வந்துவிடுகிறார்.

ஈ.சி.யு. காரில் காற்று வெப்பநிலையால் வரும் அடர்த்தி மாற்றத்தை ஈடுசெய்ய ஒரு காற்று வெப்பநிலை அட்டவணை இருக்கிறது. இன்டேக் காற்று 27 டிகிரியிலிருந்து 57க்கு ஏறினால் அடர்த்தி 9 சதவீதம் குறையும், பெட்ரோலும் அவ்வளவு குறையவேண்டும். ஆனால் காற்று வெப்பநிலை சென்சார், சூடேறிய மேனிஃபோல்டின் உலோகத்தில் உட்கார்ந்திருந்தால் காற்றை அல்லாமல் உலோகத்தின் சூட்டை அளந்து, தேவைக்கு மேல் பெட்ரோலைக் குறைத்துவிடும். ஆகவே டியூன் முடிந்தது என்று தோன்றியபின் நான் காரை ஓய்வில்லாமல் அடுத்தடுத்து ஓட்டி, சூடேறவிட்டு, சிறிது நேரம் ஐட்லிங்கில் நிறுத்தி, உடனே மறுபடி முழு த்ரோட்டில் லாக் எடுப்பேன். குளிர்ந்த ஓட்டத்துக்கும் இதற்கும் லாம்டா வித்தியாசம் 0.02க்குள் இருந்தால் சரி. அதைத் தாண்டி லீன் பக்கம் போனால் கைவைக்க வேண்டியது பெட்ரோல் அட்டவணையில் அல்ல. வெப்பநிலைத் திருத்த அட்டவணையில், முடிந்தால் சென்சாரையே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி. அதன்பின் எல்லா லாக்கையும் புதிதாக எடுக்கவேண்டும்.